யார் உடம்பில் பழகுவது? – பெண்களுக்கான துளை ஆபரேஷனும் அதைக் கற்றுத்தரும் எந்திரங்களும்

மறைமலை நகரில் இருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய், சிங்கப்பெருமாள் கோவிலில் வலதுபக்கம் திரும்பினால் ஒரகடம் வரும். அங்கே குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்ற மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. கார்களை வேகமாக ஓட்டி மோதவிட்டுப் பார்க்கும் சோதனைக்கூடம் அதில் உண்டு. மோதும் காருக்குள் மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். மனித எடையும் மூட்டுகளும் கொண்ட பொம்மைகள்தான் சீட் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அடிபடுவது பொம்மை, பாடம் கற்றுக்கொள்வது மனிதன்.

இந்த வட்டாரத்தில் யாருக்கும் இது விநோதமாகத் தெரியாது. வெல்டிங் கற்க வரும் பையனுக்கு முதலில் கழிவுத் தகட்டைத்தான் கொடுப்பார்கள். நேராக கார் பாடியில் கை வைக்க விடமாட்டார்கள்.

சரி, ஒரு டாக்டர் தன் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பெண்ணின் வயிற்றில் துளை போட்டு, கேமரா குழாயை உள்ளே விட்டு ஆபரேஷன் செய்கிறாரே... அதற்கு முன்னால் அவர் எதில் பழகியிருப்பார்? இந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது நண்பர்களே. அதில் நம் நாட்டுப் பெண்களுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கிறது, பெருமைப்படும்படியான பங்கு அல்ல.

முதலில் கொஞ்சம் பழைய கதை. சுஸ்ருத சம்ஹிதையில், அறுவை கற்கும் மாணவன் எதில் பழக வேண்டும் என்று சொல்வதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. வெட்டிப் பழகச் சுரைக்காய், பூசணி, வெள்ளரி வகைக் காய்கள். கீறிப் பழக நீர் நிரப்பிய தோல் பைகள். தைத்துப் பழகக் கெட்டித் துணி. கட்டுப்போட்டுப் பழக மனித உருவப் பொம்மை. எவ்வளவுதான் நூல்களைப் படித்திருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் வேலைக்குத் தகுதியில்லாதவன் என்பது அதன் கருத்து. ஏறக்குறைய இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே சிமுலேட்டர் பற்றிப் பேசிவிட்டார்கள் என்று சொன்னால் மிகையாக இருக்கும். ஆனால் "முதலில் சுரைக்காய், அப்புறம்தான் மனுஷன்" என்ற வரிசையை எழுதி வைத்துவிட்டார்கள், அதை மறுக்க முடியாது.

மகப்பேறு மருத்துவத்தில் இதே வரிசையைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் ஒரு பெண். பெயர் மேடம் து கூத்ரே, பிரான்ஸ் நாட்டு மருத்துவச்சி. கிராமங்களில் பயிற்சியில்லாத கைகளில் பிரசவம் பார்க்கப்பட்டு தாய்களும் குழந்தைகளும் சாவதைக் கண்டு, துணியும் தோலும் பஞ்சும் வைத்து ஒரு பெண்ணின் இடுப்புப் பகுதியைப் பொம்மையாகச் செய்தார். உள்ளே கருப்பை, அதற்குள் குழந்தை பொம்மை. அதை "எந்திரம்" என்றே அழைத்தார். 1759ல் அரசர் பதினைந்தாம் லூயி, ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்த அவருக்கு அதிகாரம் கொடுத்தார். கால் நூற்றாண்டுக்கு அந்தப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸ் முழுக்கச் சுற்றி ஆயிரக்கணக்கான மருத்துவச்சிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய பொம்மைகளில் ஒன்று ரூவான் நகர அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழியும் இருந்தது. அமெரிக்காவின் அலபாமாவில் 1845 முதல் 1849 வரை ஜே. மேரியன் சிம்ஸ் என்ற மருத்துவர், பிரசவத்தில் ஏற்படும் கிழிசலைத் தைக்கும் முறையைக் கண்டுபிடிக்க அடிமைப் பெண்களின் உடம்பில் பழகினார். மயக்க மருந்து கிடையாது. அனார்க்கா என்ற ஒரே பெண்ணுக்கு மட்டும் சுமார் 30 அறுவைகள். அவர்தான் "நவீன மகளிர் மருத்துவத்தின் தந்தை" என்று போற்றப்பட்டார். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இருந்த அவர் சிலையை 2018ல்தான் எடுத்தார்கள்.

பொம்மையில் பழகுவது ஒரு வழி, எதிர்த்துப் பேச முடியாதவர் உடம்பில் பழகுவது இன்னொரு வழி. துளை ஆபரேஷன் வந்தபோது எது நடந்தது என்று பார்ப்பதற்கு முன்னால், அது ஏன் அவ்வளவு கஷ்டம் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

லேப்ராஸ்கோப்பியில் தொப்புள் அருகே சின்னக் கீறல் போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவை உள்ளே செலுத்தி, வயிற்றை பலூன் மாதிரி உப்ப வைப்பார்கள். கேமரா பொருத்திய குழாய் ஒரு துளையில், நீளமான மெல்லிய கருவிகள் மற்ற துளைகளில். மருத்துவர் வயிற்றைப் பார்ப்பதில்லை, எதிரே இருக்கும் திரையைப் பார்க்கிறார். நோயாளிக்குத் தழும்பு சின்னது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். தினக்கூலிக்கோ ஷிப்ட் வேலைக்கோ போகும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவருக்குத்தான் சோதனை. கருவி வயிற்றுச் சுவரில் ஒரு புள்ளியில் நிற்கிறது, நெம்புகோல் மாதிரி. எனவே கையை வலப்பக்கம் அசைத்தால் உள்ளே முனை இடப்பக்கம் போகும். மேலே தூக்கினால் கீழே இறங்கும். கருவி எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்பதைப் பொறுத்து அசைவின் அளவும் மாறும். சாதாரணத் திரை தட்டையானது, ஆழம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விரலால் தொட்டுப் பார்க்கும் உணர்வு போய்விட்டது. முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, இரண்டு நீளக் குச்சிகளால் ஊசியில் நூல் கோர்க்க முயன்று பாருங்கள், ஓரளவு புரியும்.

இதெல்லாம் புத்திசாலித்தனத்தால் வருவதில்லை. சைக்கிள் ஓட்டுவது போல மூளை பழகித்தான் தீர வேண்டும். பழகும் அந்த முதல் சில டஜன் ஆபரேஷன்களில் நேரம் அதிகமாகும், தவறும் அதிகமாகும். முன்பெல்லாம் "ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒருவருக்குக் கற்றுக்கொடு" என்பதுதான் அறுவை மருத்துவப் பயிற்சியின் வாய்ப்பாடு. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையில் ஆசிரியர் மாணவனின் கையைப் பிடித்து நடத்தலாம். துளை ஆபரேஷனில் அது முடியாது.

இந்த முறை முதலில் வேரூன்றியது மகளிர் மருத்துவத்தில்தான். பொது அறுவை மருத்துவர்கள் ரொம்ப நாள் இதைச் சீண்டவே இல்லை. பாரிஸில் ராவுல் பால்மர் 1940களில் பெண்களுக்கு லேப்ராஸ்கோப்பி செய்தார். இங்கிலாந்தில் பேட்ரிக் ஸ்டெப்டோ 1967ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார் (உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை 1978ல் பிறந்ததில் பங்கு வகித்த அதே ஸ்டெப்டோதான். கருமுட்டையை வெளியே எடுக்க அவருக்கு உதவியது லேப்ராஸ்கோப்).

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஜெர்மனியின் கீல் நகரத்து மகளிர் மருத்துவர் கர்ட் செம். கருவிகள் செய்வதில் அவருக்கு அசாத்திய ஆர்வம். வாயுவைத் தானாகக் கட்டுப்படுத்திச் செலுத்தும் எந்திரம், உள்ளேயே முடிச்சுப் போடும் முறைகள் என்று ஏகப்பட்டவற்றை வடிவமைத்தார். குடும்ப நிறுவனத்தில் அவை தயாராயின. சக மருத்துவர்களோ, மூளை சரியாக உள்ள எவனும் இப்படி ஆபரேஷன் செய்யமாட்டான் என்று அவரை மூளை ஸ்கேன் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம்! 1980 செப்டம்பரில் துளை வழியாகவே குடல்வாலை அகற்றினார். உலகில் அதுதான் முதல்முறை. பாராட்டு கிடைத்ததா? ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கத் தலைவர், இவரைத் தொழில் செய்ய விடக்கூடாது என்று கடிதம் எழுதினார்.

அந்த செம் செய்த இன்னொரு காரியத்துக்காகத்தான் அவரை இங்கே இழுத்து வந்தேன். அவர் "பெல்வி-டிரெய்னர்" என்று ஒரு பெட்டியை வடிவமைத்தார். பெண்ணின் இடுப்புப் பகுதி அளவில் ஒரு கூடு, மேலே கருவி நுழைக்கத் துளைகள், உள்ளே பழகுவதற்கான பொருட்கள். அவ்வளவுதான். கம்ப்யூட்டர் கிடையாது, மோட்டார் கிடையாது. கைதிரும்பும் குழப்பத்தை முதலில் இந்தப் பெட்டியில் தீர்த்துக்கொண்டு அப்புறம் நோயாளியிடம் வா என்றார் அவர். இன்று உலகெங்கும் உள்ள பயிற்சிப் பெட்டிகள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் லேப்ராஸ்கோப் பரவலானது நோயைக் குணப்படுத்த அல்ல, கருத்தடைக்காக!

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77ல் மட்டும் சுமார் 83 லட்சம் பேருக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலும் ஆண்களுக்கு, பல இடங்களில் கட்டாயப்படுத்தி. அடுத்து வந்த தேர்தலில் இந்திரா காந்தி அரசு தோற்றது. அதன்பின் எந்த அரசியல்வாதியும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை. இலக்கு மட்டும் அப்படியே இருந்தது, பாரம் பெண்கள் தலையில் இறங்கியது. கருக்குழாயில் சின்ன வளையம் மாட்டி அடைக்கும் முறை 1970களில் வந்திருந்தது. லேப்ராஸ்கோப் மூலம் அதைச் சில நிமிடங்களில் செய்து முடிக்கலாம். முகாம்களுக்கு இதைவிடத் தோதான கருவி இருக்க முடியாது. பள்ளிக்கூடங்களிலும் சிறு மருத்துவமனைகளிலும் பெண்களை வரிசையாகப் படுக்கவைத்து, ஒருவர் பின் ஒருவராக ஆபரேஷன் நடந்தது. 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பிலும் கருத்தடை அறுவை செய்துகொண்ட பெண்கள் 37.9 சதவீதம், ஆண்கள் 0.3 சதவீதம்தான்.

ஆக, மேலை நாட்டுப் பொது அறுவை மருத்துவர்கள் லேப்ராஸ்கோப்பை எட்டிப் பார்ப்பதற்கு முன்பே, இந்தியாவில் ஏழைப் பெண்கள் லட்சக்கணக்கில் அதன் முனையில் படுத்துவிட்டார்கள். கை எங்கே பழகியது என்று கேட்டால், அங்கேதான். இதற்காக எல்லா மருத்துவர்களையும் குற்றம் சொல்வது நியாயமாகாது. பலர் உண்மையான சேவை மனப்பான்மையோடு குக்கிராமங்களுக்குப் போனவர்கள். ஆனால் பழகுவதற்குப் பெட்டி என்று ஒன்று கைக்கு எட்டும் விலையில் சாத்தியமாக இருந்தும், அது ஒரு கட்டாயமாக யாருக்கும் தோன்றவில்லை. பெட்டியைவிட முகாம் சுலபமாகக் கிடைத்தது.

முகாம்கள் எப்படி நடந்தன என்பதற்கு, பின்னாளில் நீதிமன்றம் வரை வந்த சம்பவம் ஒன்று போதும். 2012 ஜனவரியில் பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில், ஒரே மருத்துவர் இரண்டு மணி நேரத்தில் 53 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். தேவிகா பிஸ்வாஸ் என்ற சமூக ஆர்வலர் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே ஒரு முகாமில் 83 பெண்களுக்கு ஒரே நாளில் லேப்ராஸ்கோப்பி, அதில் 13 பேர் இறந்தார்கள். அதே மாதம் ஒடிசாவில் ஒரு முகாமில் வயிற்றை உப்ப வைக்க சைக்கிள் பம்பைப் பயன்படுத்தியது செய்தியானது. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களுக்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொன்னது.

பிலாஸ்பூர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே ஆபரேஷன் செய்தவர் கற்றுக்குட்டி அல்ல. பல்லாயிரம் கருத்தடை அறுவைகள் செய்ததற்காக மாநில அரசிடம் பாராட்டு வாங்கியவர். கையில் பழக்கம் இருந்தது. இல்லாதது சுத்தமும் நேரமும் நோயாளி மீதான மரியாதையும். கொடுத்த மாத்திரை பற்றியும் சந்தேகம் எழுந்தது. உலகிலேயே விலை உயர்ந்த சிமுலேட்டரில் பயிற்சி கொடுத்திருந்தாலும் அந்தப் பெண்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. எந்திரத்தைப் பற்றிப் பேசும் கட்டுரையில் இதை மறைத்துவிட்டுப் போவது சரியில்லை என்று பட்டது.

இதற்கிடையே பொது அறுவை மருத்துவம் விழித்துக்கொண்டது. 1980களின் கடைசியில் பித்தப்பையைத் துளை வழியாக எடுக்கும் முறை ஐரோப்பாவில் தொடங்கி அமெரிக்காவில் காட்டுத்தீயாகப் பரவியது. இந்தியாவில் 1972 முதலே லேப்ராஸ்கோப்பை நோயறியப் பயன்படுத்திவந்த மும்பை மருத்துவர் தெஹெம்டன் உத்வாடியா, 1990ல் ஜே.ஜே. மருத்துவமனையில் முதல் பித்தப்பை ஆபரேஷனைச் செய்தார். தமிழ்நாட்டில் கோவையின் சி. பழனிவேலு இந்தத் துறையில் பெரிய பெயராக வளர்ந்தார். அவருடைய ஜெம் மருத்துவமனை லேப்ராஸ்கோப்பி கற்க மருத்துவர்கள் தேடிப்போகும் இடங்களில் ஒன்றானது.

அமெரிக்காவில் என்ன நடந்தது தெரியுமா? சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு. பன்றிகளில் சில தடவை செய்து பார்ப்பது. திங்கட்கிழமை நோயாளி! பித்தக்குழாய் வெட்டுப்படும் விபத்துகள் கூடின. 1992ல் நியூயார்க் மாநில சுகாதாரத் துறையே தலையிட்டுப் பயிற்சிக்கு நெறிமுறை வகுக்க வேண்டியதாயிற்று. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். காப்பீடும் வழக்கறிஞரும் உள்ள நடுத்தர வர்க்கத்தினர் பாதிக்கப்பட்டபோதுதான், "பழகுவதற்கு வேறு வழி தேடுவோம்" என்று பணமும் ஆராய்ச்சியும் பாய்ந்தன.

அப்போது எல்லார் கண்ணும் விமானத் துறை பக்கம் திரும்பியது. எட் லிங்க் என்பவர் 1929லேயே விமானம் ஓட்டப் பழகும் எந்திரத்தைச் செய்திருந்தார். யாரும் பெரிதாக வாங்கவில்லை, திருவிழாப் பொருட்காட்சிகளில் விளையாட்டுச் சாமானாக ஓடியது. 1934ல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் அடுத்தடுத்து விமானிகள் இறந்த பிறகுதான் ராணுவம் அதை வாங்கியது. விமானி தப்பு செய்தால் அவரும் சேர்ந்துதான் விழுவார். அதனால் அந்தத் துறை ஐந்தே வருடத்தில் பாடம் கற்றது. அறுவைத் துறைக்கு அந்த அவசரம் இல்லாமல் போனதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் ரிச்சர்ட் சதாவா, "வர்ச்சுவல் ரியாலிட்டி" என்ற சொல்லைப் பிரபலமாக்கிய ஜேரன் லேனியரோடு சேர்ந்து 1990களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டருக்குள் ஒரு வயிற்றை உருவாக்கினார். உறுப்புகள் கார்ட்டூன் மாதிரி இருந்தன. தலையில் மாட்டும் கருவி பாரமானது, படம் திணறித் திணறி நகர்ந்தது. ஆனால் யோசனை பிடித்துக்கொண்டது.

அடுத்து வந்த எம்.ஐ.எஸ்.டி.-வி.ஆர். என்ற பிரிட்டிஷ் சிமுலேட்டர்தான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உண்மையான திருப்பம். ஏனென்றால் அதில் வயிறே கிடையாது! உருண்டைகள், பெட்டிகள், வட்டங்கள் மட்டும். நிஜமான லேப்ராஸ்கோப்பிக் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு உருண்டையை எடு, கை மாற்று, பெட்டிக்குள் வை, மிதியை அழுத்திச் சுடு. வீடியோ கேம் என்று கிண்டல் செய்தார்கள். ஆனால் கம்ப்யூட்டருக்கு ஒரு வசதி உண்டு. கை போன ஒவ்வொரு மில்லிமீட்டரையும், வீணாகச் சுற்றிய தூரத்தையும், நேரத்தையும் அது கணக்கு வைக்கும். முகதாட்சண்யம் பார்க்காது.

அது ஆபரேஷன் தியேட்டரில் உதவுமா என்பதை 2002ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 16 பயிற்சி மருத்துவர்கள், இரண்டு குழுக்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான பயிற்சியோடு இந்த உருண்டை விளையாட்டும், மற்றதற்கு வழக்கமான பயிற்சி மட்டும். பிறகு நிஜ நோயாளியிடம் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை. யார் எந்தக் குழு என்று தெரியாதவர்கள் வீடியோவைப் பார்த்து மதிப்பிட்டார்கள். சிமுலேட்டரில் பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, தவறான இடத்தைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு அதிக வாய்ப்பு இருந்தது. கார்ட்டூன் உருண்டையில் பழகிய கை, மனித வயிற்றுக்குள்ளும் அதே ஒழுங்கோடு நடந்துகொண்டது.

மகளிர் மருத்துவத்துக்கான தெளிவான சான்று 2009ல் டென்மார்க்கில் இருந்து வந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு. ஸ்வீடனின் லேப்சிம் என்ற சிமுலேட்டரில் மகளிர் அறுவைக்கென்றே தனிப் பகுதி உண்டு. கருக்குழாய்க் கர்ப்பத்துக்கான ஆபரேஷனையே அதில் செய்து பார்க்கலாம். 24 பயிற்சி மருத்துவர்களில் பாதிப் பேரை, தேர்ந்தவர்களின் மதிப்பெண்ணைத் தொடும்வரை அதில் பழகவிட்டார்கள். "இத்தனை மணி நேரம் உட்கார்ந்தேன்" என்பதெல்லாம் செல்லாது, மதிப்பெண்ணைத் தொட வேண்டும், அவ்வளவுதான். பிறகு எல்லாரும் தங்கள் முதல் கருக்குழாய் அகற்றும் ஆபரேஷனை நிஜ நோயாளியிடம் செய்தார்கள். பழகியவர்களின் மதிப்பெண் 33, பழகாதவர்களுக்கு 23. பழகியவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் 12 நிமிடம், மற்றவர்கள் 24 நிமிடம். 33 என்பது 20 முதல் 50 ஆபரேஷன் செய்தவரின் தரம், 23 என்பது ஐந்துகூடச் செய்யாதவரின் தரம் என்கிறது அந்த ஆய்வு.

இந்தக் கடைசி வரியைப் பெண்களின் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு இளம் மருத்துவருக்கும் ஏறத்தாழ 20 பெண்கள், தாங்கள் பயிற்சிப் பொருள் ஆவதில் இருந்து தப்பிக்கிறார்கள். கருக்குழாய்க் கர்ப்பம் வெடித்து உள்ளே ரத்தம் கசியும் பெண்ணுக்கு 12 நிமிடத்துக்கும் 24 நிமிடத்துக்கும் உள்ள வித்தியாசமும் சின்ன விஷயமில்லை.

கருப்பைக்குள்ளேயே கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோப்பி தனிக் கதை. அங்கே துளையே இல்லை, கருப்பை வாய் வழியாகவே குழாய் போகிறது. திரவத்தைச் செலுத்திக் கருப்பையை விரித்து, உள்ளே இருக்கும் சதைக்கட்டியைச் சுரண்டி எடுக்க வேண்டும். ரத்தம் கலங்கினால் ஒன்றும் தெரியாது. சுவரைத் தாண்டிக் குத்திவிட்டால் அந்தப் பக்கம் குடல். திரவம் ரத்தத்தில் அதிகம் கலந்துவிட்டால் உடம்பின் உப்புச் சமநிலை கெட்டு உயிருக்கே ஆபத்து. சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்கான சிமுலேட்டரைப் பல வருடம் உழைத்து உருவாக்கி, 2007ல் விர்ட்டாமெட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். நிஜ ஹிஸ்டரோஸ்கோப்பையே மாற்றியமைத்துக் கையில் கொடுக்கிறார்கள். திரவக் குழாயின் திருகைச் சரியாகத் திறக்காவிட்டால் திரையில் ரத்தம் கலங்கி எல்லாம் மறைந்துவிடும், நிஜத்தில் நடப்பது போலவே.

அப்படியானால் எல்லாரும் வாங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். விலைதான் சிக்கல். உயர்ரக வர்ச்சுவல் ரியாலிட்டி சிமுலேட்டர் பல லட்சங்களில். பெட்டிப் பயிற்சிக் கருவியோ சில ஆயிரங்களில் முடியும், கைபேசிக் கேமராவை வைத்து மாணவர்களே செய்துகொள்ளவும் முடியும். அடிப்படைத் திறனைக் கற்றுத்தருவதில் பெட்டி ஒன்றும் மட்டமில்லை. அமெரிக்காவில் 2020 முதல் மகளிர் மருத்துவ நிபுணர் சான்றிதழ் வேண்டுமென்றால் ஒரு லேப்ராஸ்கோப்பித் திறன் தேர்வில் தேற வேண்டும். அந்தத் தேர்வு நடப்பது பெட்டியில்தான், வர்ச்சுவல் ரியாலிட்டியில் அல்ல! முளையில் இருந்து முளைக்கு வளையத்தை மாற்றுவது, வட்டம் வெட்டுவது, முடிச்சுப் போடுவது. கர்ட் செம் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

என் கட்சி என்னவென்றால், பெட்டியா கம்ப்யூட்டரா என்பது இரண்டாம்பட்சம். தேறாதவர் நோயாளியைத் தொடக்கூடாது என்ற விதிதான் முதலில் வேண்டும். நம் நாட்டில் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் பயிற்சிக்கூடம் இருக்க வேண்டும் என்கின்றன. நல்ல ஆரம்பம்தான். ஆனால் அறை இருப்பது வேறு, அந்த அறையில் இத்தனை மதிப்பெண் எடுத்த பிறகுதான் தியேட்டருக்குள் நுழையலாம் என்பது வேறு. டென்மார்க் ஆய்வு பேசுவது இரண்டாவதைப் பற்றி.

கம்ப்யூட்டருக்கு இன்னொரு பெரிய சவால் தொடு உணர்வு. கண்ணை ஏமாற்ற நொடிக்கு 30 படங்கள் போதும். கையை ஏமாற்ற நொடிக்குச் சுமார் ஆயிரம் முறை விசையைக் கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்ப வேண்டும். அதற்குள் கருப்பைத் தசை எவ்வளவு அமுங்கும், வெட்டினால் எப்படி விலகும் என்பதையும் கணக்குப் போட்டாக வேண்டும். ஆரம்பகால சிமுலேட்டர்கள் பல இந்தத் தலைவலியே வேண்டாமென்று தொடு உணர்வை விட்டுவிட்டன.

இந்த இடத்தில்தான் நம் ஊர் வருகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். மணிவண்ணனின் தொடு உணர்வு ஆய்வுக்கூடம் பல வருடங்களாக இதையே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒரு பொருளை விரலால் நேராக அழுத்தும்போது உணரும் விசையும் லேப்ராஸ்கோப்பிக் கருவி வழியாக அழுத்தும்போது உணரும் விசையும் எப்படி வேறுபடுகின்றன என்று அந்தக் குழு அளந்து 2010களில் கட்டுரைகள் வெளியிட்டது. கையை எங்கே கொண்டுபோவது என்பது ஒரு திறமை, எவ்வளவு அழுத்துவது என்பது இன்னொரு திறமை, இரண்டையும் தனித்தனியே பழக்கி அளக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதற்கான வர்ச்சுவல் ரியாலிட்டி சிமுலேட்டரையும் செய்து, தேர்ந்த மருத்துவர்களையும் புதியவர்களையும் அதில் சோதித்தார்கள். அங்கிருந்து மெர்க்கல் ஹேப்டிக்ஸ் என்ற சிறு நிறுவனமும் முளைத்தது. நம் தோலில் அழுத்தத்தை உணரும் மெர்க்கல் செல்களின் பெயர்.

ஒரு தொடு உணர்வு சிமுலேட்டரைப் பிரித்துப் போட்டால் என்ன இருக்கும்? கைப்பிடி எல்லாப் பக்கமும் சாய ஒரு கிம்பல், உராய்வே தெரியாத சின்ன பேரிங்குகள், கோணத்தை அளக்கும் என்கோடர்கள், நாலைந்து குட்டி மோட்டார்கள், ஒரு கட்டுப்பாட்டு அட்டை, மீதியெல்லாம் மென்பொருள். மத்திய அரசு 2020ல் அறிவித்த திட்டத்தின்கீழ் தேர்வான நான்கு மருத்துவக் கருவிப் பூங்காக்களில் தமிழ்நாட்டுக்கு ஒதுக்கியது ஒரகடத்தில்தான், சுமார் 350 ஏக்கரில் வருகிறது. கார் ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் பேரிங், சென்சார், மோட்டார் செய்து பழகிய பட்டறைகள் அதைச் சுற்றி இருக்கின்றன.